நடுப்பகுதியை நிரப்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் வரிசை வீடு ஒன்றை இடித்துக் கட்டப்போகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "நடுவில் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்பதுதான். முகப்புக்குக் கல் பதிப்பதா மரச்சட்டம் அடிப்பதா என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். குறுகிய மனையில் வீடு உருப்படுவதும் கெடுவதும் நடுவில்தான். தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத இடம் அது. வீட்டு விற்பனை விளம்பரங்களில் படமாக வராத இடமும் அதுதான். அங்கேதான் குடும்பம் நாள் முழுக்க நடமாடுகிறது.

எங்கள் வீட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். செலிட்டார் ஹில்ஸ் பக்கம், அப்பா பல வருடங்களுக்கு முன் வாங்கிய வீடு. வரிசையின் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். மனையின் அகலம் 6 மீட்டர், நீளம் 27. இன்றைய விதிப்படி இப்படிப்பட்ட வீட்டு மனை குறைந்தது 6 மீட்டர் அகலமும் 150 சதுர மீட்டர் பரப்பும் கொண்டிருக்க வேண்டும். எங்களுடையது கிட்டத்தட்ட அந்தக் கீழ் வரம்பில்தான் நிற்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளின்படி எங்கள் தெருவில் முன்னால் 7.5 மீட்டர், பின்னால் 2 மீட்டர் விட வேண்டும். மிச்சம் 17.5 மீட்டர் நீளம். ஜன்னல் வைக்க இரண்டே முகங்கள், முன்னும் பின்னும்.

ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் உள்ளே எவ்வளவு தூரம் பயனுள்ளதாக இருக்கும் என்பதற்குக் கட்டடக் கலைஞர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம். 2.6 மீட்டர் உயர ஜன்னல் என்றால் ஏறத்தாழ 6 மீட்டர். முன்பக்கம் 6, பின்பக்கம் 6. கூட்டிக் கழித்தால் நடுவில் 5.5 மீட்டர் இருட்டு மிஞ்சும். வீட்டில் மூன்றில் ஒரு பங்கு! அந்த இடத்தில் பகல் பத்து மணிக்கும் விளக்கு எரிய வேண்டும், குளிர்சாதனம் ஓட வேண்டும். நாங்கள் வாங்கியபோது பழைய வீடு அப்படித்தான் இருந்தது. சமையலறைக்கு முன்னால் இருந்த சின்னத் திறந்தவெளியை முந்தைய உரிமையாளர் தகடு போட்டு மூடியிருந்தார். பட்டப்பகலில் டியூப்லைட் வெளிச்சத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

குறுகிய வீட்டுக்கு வழி தெரியாத ஊரில்லை இது. கீழே கடையும் மேலே வீடுமாக இங்குள்ள பழைய கடைவீடுகளின் அகலமும் பெரும்பாலும் ஆறு மீட்டருக்குள்தான். இரு சுவர்களுக்கு இடையே குறுக்கே போடக் கிடைத்த மர உத்தரத்தின் நீளம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது. அகலத்தில் கிடைக்காததை நீளத்தில் எடுத்துக்கொண்டார்கள். அகலத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு உள்ளே போகும் வீடுகள் அவை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து முன்னால் ஐந்தடி நடைபாதை வந்தது. உள்ளே வானம் பார்த்த முற்றம் இருந்தது. மழை, வெயில், காற்று எல்லாம் அந்த முற்றம் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகார வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒரே கோட்டில் ஓடும் வீடு. பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும்.

அப்புறம் நகரத்தில் ஜனம் பெருகியது. வீட்டுக்காரர்கள் உள்ளே தடுப்புகள் அடித்து அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். முற்றமும் அந்த அறைகளுக்குப் பலியானது. 1907இல் டாக்டர் சிம்ப்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றிக் கொடுத்த அறிக்கை, காற்றும் வெளிச்சமும் புகாத இந்த நீள வீடுகளைத்தான் நோய்க்கு மூலமாகச் சுட்டியது. வீடுகளுக்குப் பின்னால் சந்துகளை வெட்டித் திறக்கும் வேலை அதன் பிறகு வேகம் பிடித்தது. அந்தப் பணியைத் தொடர்ந்து செய்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1927இல் அமைந்தது. இன்று லிட்டில் இந்தியா வட்டாரத்தில், நம் தேக்காவில், கடைகளுக்குப் பின்னால் நாம் குறுக்குவழியாக நடக்கும் சந்துகளில் பலவற்றுக்கு இந்தப் பின்னணி உண்டு. இந்தச் சரித்திரத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நீள வீடு கெட்டது குறுகலால் அல்ல, நடுவை நிரப்பியதால்.

நம்மவர்களும் அந்த நீள வீடுகளில் வாழ்ந்தவர்கள்தான். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கடைவீட்டுக்குள் பல வட்டிக்கடைகள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு பெட்டி. பகலில் கணக்கு வழக்கு, இரவில் அங்கேயே படுக்கை. தெருவையே செட்டித் தெரு என்றுதான் சொல்வார்கள். 1970களின் மறுசீரமைப்பில் அவை போய்விட்டன. குறுகிய இடத்தில் ஒழுங்காக வாழ்வது எப்படி என்பது இந்த ஊர்த் தமிழருக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

ஆனால் இதையெல்லாம் சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குவது எளிதாக இல்லை. நடுவில் 3 மீட்டருக்கு 3.5 மீட்டர் முற்றம் விட்டால், மேலே உள்ள இரண்டு தளங்களிலும் சேர்த்து 21 சதுர மீட்டர் தரை போய்விடும். அண்ணன் உடனே அதை 226 சதுர அடி என்று மாற்றி, இந்தப் பேட்டையில் ஒரு சதுர அடி என்ன விலை போகிறது என்று சொல்லிக் காட்டினான். அது ஒரு படுக்கையறையும் குளியலறையும் என்றான். அவன் சொன்ன கணக்கு சரிதான்.

"ஏம்மா, இருக்கிறதே ஆறு மீட்டர். அதையும் காத்துக்கு விட்டுட்டா மனுஷன் எங்க படுக்கிறது?" என்றார் அப்பா.

"அப்பா, ஈப்போவுல நீங்க வளர்ந்த கடைவீட்டுல எல்லாரும் எங்க உக்காந்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

தாத்தா மளிகைக் கடையில் வேலை பார்த்த காலத்தில், அந்தக் கடையின் மாடியில்தான் அப்பாவின் குடும்பம் குடியிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, துணி துவைத்தது, குளித்தது, பாட்டி மாவு இடித்தது, பள்ளிக்கூடப் பாடம் படித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் முற்றத்தை ஒட்டித்தான். அறைகளில் இரவில் தூங்கினார்களாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணன் மட்டும் முற்றத்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். குறைக்கலாம், ஆனால் 2 மீட்டருக்குக் கீழே போனால் அது குழாய் ஓடும் துவாரம்தான், முற்றமில்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, முற்றம் என்று முடிவானதும் வேலை முடிந்துவிடவில்லை. வெயிலைப் பற்றி யோசிக்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல் வடக்கே இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பின்பாதியில் உச்சி வெயில் நேர் மேலே நிற்கும். நம் கடிகாரத்தில் அது மதியம் ஒரு மணியை ஒட்டிய நேரம். அப்போது சுமார் 10 மீட்டர் ஆழமுள்ள எங்கள் முற்றத்தின் அடிவரை வெயில் இறங்கும். ஜூனில் சூரியன் வடக்கே 22 பாகை சாய்ந்திருக்கும். 10 மீட்டர் இறங்குவதற்குள் கதிர் 4 மீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். முற்றத்தின் அகலமோ 3 மீட்டர். ஆகவே வெயில் தரையைத் தொடாது, தெற்குச் சுவரோடு நின்றுவிடும். டிசம்பரில் வடக்குச் சுவர். ஆண்டின் பல மாதங்களில் கீழ்த்தளத்துக்கு வரும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான். அதனால் அந்த இரண்டு சுவர்களுக்கும் பளபளப்பில்லாத வெள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். முற்றத்துச் சுவருக்குக் கறுப்புக் கல் பதித்த வீடுகளைப் படங்களில் பார்க்கிறேன். அழகுதான், ஆனால் கீழே இருப்பவருக்கு வர வேண்டிய வெளிச்சத்தை அந்தக் கல் தின்றுவிடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. முற்றம் இருந்தால் சூடான காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும், வீடு குளிர்ந்துவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நம் ஊரில் அதை அவ்வளவு நம்ப முடியாது. பகலில் 31, 32 பாகை, இரவில் 25. உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது காற்றை மேலே இழுக்கும் விசையும் சிறிதுதான். வீசும் காற்றை உள்ளே விடுவதுதான் முக்கியம். முன் ஜன்னல், முற்றம், பின் ஜன்னல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள அறைக் கதவுகளுக்கு மேலே திறக்கும் சட்டங்கள் வேண்டும். காற்றே இல்லாத ஏப்ரல் மதியங்களுக்கு மின்விசிறி. இந்த மூன்றும் இல்லாமல் முற்றம் மட்டும் இருந்தால் வெளிச்சம் கிடைக்கும், காற்று கிடைக்காது.

முற்றத்தை அப்படியே திறந்து விடுவதா, மூடுவதா என்பதில் எனக்கும் எங்கள் கட்டடக் கலைஞருக்கும் நீண்ட பேச்சு நடந்தது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊர். சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் புயற்காற்று மழையைப் படுக்கையாக அடிக்கும். முழுக்கத் திறந்தால் தாழ்வாரமெல்லாம் ஈரம். கண்ணாடியால் இறுக்க மூடினாலோ வெயிலின் சூடு உள்ளே அடைபட்டு மேல்தளம் வெந்துபோகும். பழைய கடைவீடுகளில் கூரையின் நடுவே ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்திருப்பார்கள், பக்கவாட்டில் காற்று போகும்படி. அதைத்தான் எடுத்துக்கொண்டோம். மேலே கண்ணாடி, அதைச் சுற்றி நாலு பக்கமும் சாய்வான அலுமினியப் பட்டைகள், அவற்றுக்கு உள்ளே கொசுவலை. வீட்டின் உயர வரம்புக்குள் இது அடங்கியது. ஒவ்வொரு தளத்தின் உயரத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தாமல் மொத்த உருவத்துக்கு மட்டும் எல்லை வகுக்கும் விதி 2015இல் வந்தது. இரண்டு தள வீடுகளுக்கான பேட்டைகளில் 12 மீட்டர், மூன்று தளப் பேட்டைகளில் 15.5. எங்களுக்கு 12. தரைத்தளம், மாடி, கூரைக்கடியில் ஒரு தளம் என்று மூன்றும் அதற்குள்தான்.

படிக்கட்டு அடுத்த சிக்கல். 3.4 மீட்டர் தள உயரத்துக்கு 17 சென்டிமீட்டர் படி என்றால் 20 படிகள். நேராகச் சுவரோரம் போட்டால் 5 மீட்டருக்கு மேல் நீளமும், ஒரு மீட்டர் அகலமும் போகும். இருபுறமும் சொந்தச் சுவர் எழுப்பியதில் உள்ளே எங்களுக்குக் கிடைத்த அகலம் 5.5தான். அதில் ஒரு மீட்டரைப் படிக்கட்டு தின்றால் ஒவ்வோர் அறையும் ரயில் பெட்டிபோல் ஆகிவிடும். அதனால் படிக்கட்டைக் குறுக்கே திருப்பினோம். பத்துப் படி ஏறித் திரும்பி மறுபடி பத்துப் படி. மொத்தம் 2 மீட்டர் ஆழம், நாலரை மீட்டர் நீளம். முற்றத்தை ஒட்டி அது நிற்பதால், வெளிச்சம் குறைவான நடுப்பகுதியைப் படிக்கட்டும் முற்றமும் பங்கிட்டுக்கொண்டன. முன்னும் பின்னும் அறைகளுக்கு முழு அகலம் கிடைத்தது. இந்த ஒரு திருப்பம் எங்கள் வரைபடத்தில் நடந்த மிக நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

முற்றத்தின் மறுபக்கம் ஒவ்வொரு தளத்திலும் ஒன்றன் மேல் ஒன்றாக அலமாரி அறை வைத்திருக்கிறோம். இப்போதைக்குத் துணிமணி, பெட்டி வைக்க. அப்பா அம்மாவுக்கு மாடி ஏற முடியாமல் போகும்போது, தரைப் பலகையை எடுத்துவிட்டு மின்தூக்கி பொருத்த இடம் அது. அதற்கு வேண்டிய குழியையும் உத்தரங்களையும் இப்போதே செய்துவிட்டோம். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு, போர் போன்ற ஆபத்தில் ஒதுங்கப் பாதுகாப்பறை ஒன்று கட்டாயம். 1997ஆம் ஆண்டுச் சட்டம். தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவுமாக அது தரைத்தளத்தில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அரிசி மூட்டைக்கும் பண்டிகைப் பாத்திரங்களுக்கும் ஆகும்.

அனுமதி வாங்கும் படலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகுதிபெற்ற கட்டடக் கலைஞரும் பொறியாளரும்தான் விண்ணப்பிக்க முடியும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கூட்டும் பரப்பு பழைய பரப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டினால் அது சின்னத் திருத்த வேலை என்ற கணக்கில் வராது, மீள்கட்டுமானம் ஆகிவிடும்.

அண்டை வீட்டார் விஷயம் அனுமதியைவிடப் பெரியது. ஒட்டிய வீட்டில் நாம் அடிக்கும் ஒவ்வொரு சுத்தியலும் அவர்கள் படுக்கையறையில் கேட்கும். இடிப்பதற்கு முன் இரு பக்கத்து வீடுகளிலும் ஏற்கனவே உள்ள விரிசல்களைப் படம் எடுத்துப் பதிவு செய்தோம். எங்கள் சுவரை எடுத்ததும் அவர்கள் சுவர் மழையில் நனையாமல் இருக்க நீர்க்காப்புப் பூச்சு போட்டுக் கொடுத்தோம். இடது பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எண்பதை நெருங்கும் வயது, மதியம் தூங்குவார். சத்தம் அதிகமான வேலைகளைக் காலையில் முடிக்கச் சொல்லிக் கட்டுமானக் குத்தகையாளரிடம் கேட்டுக்கொண்டேன். இதெல்லாம் விதிக்காக மட்டும் செய்ததில்லை. நாம் இன்னும் முப்பது வருடம் அவர்கள் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழப்போகிறோம்.

வேலை செய்யும் தம்பிகளில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். மேல்தளத்துக் கான்கிரீட் போட்ட பிறகு, நடுவில் இருந்த பெரிய ஓட்டையைக் காட்டி, "அக்கா, இதை எப்ப மூடணும்?" என்று கேட்டார். மூடப்போவதில்லை, முற்றம் என்றேன். "அப்படியா! எங்க ஊர்ல இப்ப இருக்கிற முத்தத்தையெல்லாம் கம்பி போட்டு மூடிட்டு இருக்காங்க, நீங்க இங்க வந்து திறந்து விடுறீங்க" என்றார். அந்த ஓட்டை வழியாகத்தான் அவர்கள் ஜன்னல் சட்டங்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். நாளைக்குப் பெரிய கட்டிலோ அலமாரியோ வாங்கினால் எங்களுக்கும் அதுதான் வழி.

முற்றத்துக்கு ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சத்தமும் வாசனையும் அதன் வழியாக எல்லாத் தளங்களுக்கும் போகும். அப்பா காலையில் ஒலி 96.8 வானொலி வைத்தால் மாடியில் தூங்கும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். கருவாடு வறுத்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக அடுப்பைப் பின்கோடியில், மேற்கு வெயில் படும் பக்கத்தில், தனிக் கதவோடு வைத்தோம். புகைபோக்கி நேராகப் பின்னால் வெளியேறும். குளியலறைகளும் அந்தப் பக்கம்தான். மாலை வெயிலின் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். கிழக்கு பார்த்த முன்னறைகள் இதமாக இருக்கும். படுக்கையறைகள் முற்றத்தைப் பார்க்கும் பக்கத்தில் தடித்த கண்ணாடிக் கதவு. வானொலிக்கு அப்பாவோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

முன்னால் விட்ட 7.5 மீட்டர் முழுவதையும் கார் நிறுத்தக் கொடுக்க எனக்கு மனமில்லை. பாதி கார், பாதி மண். சிமெண்ட் போடாத மண்.

படம் பார்த்து முடிவு செய்ய முடியாதவர்கள் நீல் ரோட்டில் 157ஆம் எண்ணில் உள்ள பாபா இல்லத்துக்குப் போய் வாருங்கள். 1890களில் கட்டிய வரிசை வீடு அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. அங்குள்ள முற்றத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றால், நான் இத்தனை பத்தியில் சொன்னது உடம்புக்கே புரிந்துவிடும்.

இப்போது முடிவு செய்ய எங்கள் முற்றத்தின் தரைதான் பாக்கி. மற்ற தரையைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக, கருங்கல் பாவி, ஓரத்தில் கால்வாய். மூடியைக் கையால் தூக்கிக் கழுவும்படி கேட்டிருக்கிறோம். தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்கினாலும் ஏடிஸ் கொசு வந்துவிடும், டெங்கி பயம் இந்த ஊரில் எப்போதும் உண்டு. அம்மாவுக்கு அங்கே துளசி மாடம் வைக்க ஆசை. ஜூனிலும் டிசம்பரிலும் கீழே நேர் வெயில் வராது, துளசி வாடிவிடும் என்று சொன்னேன். "அப்ப துளசி வாசல்ல இருக்கட்டும், கிழக்கு வெயில் நல்லா கிடைக்கும். உள்ள வெத்தலைக் கொடி வை, அதுக்கு நிழல்தான் பிடிக்கும்" என்றார். வடக்குச் சுவரில் கொடி ஏறக் கம்பி வலை வேண்டும். அண்டை வீட்டை ஒட்டிய சுவர் என்பதால் பிறகு துளை போட்டு நீர்க்காப்பைக் கெடுக்க விருப்பமில்லை. பூச்சு வேலை தொடங்குவதற்குள் கொக்கிகளைப் பதித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.